பூதங்கள் கட்டிய லண்டன்

மந்திரவாதிகளே மந்திரிகளாக இருந்து ஆளும் ஒரு பிரிட்டன். ஆனால், ஒரு தீக்குச்சியைப் பற்றவைக்கும் அளவுக்குக்கூட அவர்களில் யாருக்கும் சொந்த மந்திரம் கிடையாது. அத்தனையும் பிடித்துவந்த பூதங்களின் உழைப்பு. ஜொனாதன் ஸ்ட்ரவுட்டின் ‘பார்ட்டிமேயஸ்’ நாவல்கள் இளையோருக்கான மாயக்கதை என்ற பெயரில் அடிமை முறையின் கணக்குப் புத்தகத்தைத் திறந்து காட்டுகின்றன.

அறை சட்டென்று குளிர்கிறது. திரைச்சீலையில் பனி படிகிறது. விளக்குகள் மங்குகின்றன. கந்தக நாற்றத்தோடு மஞ்சள் புகை கிளம்பி, அதற்குள் இரண்டு கண்கள் உருளுகின்றன. 5,000 வயதான ஜின் ஒன்று, தன்னை அழைத்தவனை அலறவைக்க எல்லா வித்தையையும் காட்டுகிறது. எதிரே சுண்ணாம்புக் கட்டியால் வரைந்த வட்டத்துக்குள் நிற்பவனோ சுமார் 12 வயதுப் பையன். கை நடுங்குகிறது, குரல் உடைகிறது. ஆனாலும் மந்திரத்தில் ஓர் எழுத்துகூடப் பிசகவில்லை.

ஜின் காத்திருப்பது அந்தப் பிசகலுக்குத்தான். கோட்டில் ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தாலும், உச்சரிப்பு ஒருமுறை தடுமாறினாலும் ஏவல் அறுந்துவிடும். பிறகு பையன் கதி அதோகதி. ஆனால், அவன் தடுமாறவில்லை. சைமன் லவ்லேஸ் என்ற பெரிய மந்திரவாதியின் வீட்டில் இருக்கும் சமர்கண்ட் தாயத்தைத் திருடிக்கொண்டு வா என்கிறான். மறுத்தால் உடம்பு எரியும் தண்டனை. வேறு வழியில்லாமல் கிளம்புகிறது ஜின்.

2003-ல் வெளியான ‘தி அம்யூலெட் ஆஃப் சமர்கண்ட்’ இப்படித்தான் தொடங்குகிறது. இந்தக் காட்சியில் ஒரு தந்திரம் இருக்கிறது. வழக்கமான கதையில் நாம் பையனின் தோளுக்குப் பின்னால் நின்று புகையைப் பார்ப்போம். இங்கே புகைக்குள்ளிருந்து பையனைப் பார்க்கிறோம். கதை சொல்வதே ஜின்தான். அழைப்பு என்பது அதற்கு ஆள்கடத்தல், ஏவல் என்பது கொத்தடிமை வேலை. கோணம் இடம் மாறியதும் மாயக்கதையின் இலக்கணமே மாறிவிடுகிறது.

படிப்புதான் மூலதனம்

ஸ்ட்ரவுட் 1970-ல் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டில் பிறந்தவர். யார்க் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் படித்துவிட்டு, லண்டனில் வாக்கர் புக்ஸ் என்ற குழந்தை நூல் பதிப்பகத்தில் ஆசிரியராக வேலை பார்த்தவர். அவர் பார்ட்டிமேயஸை எழுதிய காலத்தில் ஹாரி பாட்டர் அலை உச்சத்தில் இருந்தது. முதல் பாகம் வெளிவந்த அதே 2003-ல்தான் பாட்டரின் ஐந்தாம் பாகமும் வந்தது. மந்திரப் பள்ளி, நல்ல குரு, பிறவியிலேயே சக்தி வாய்ந்த சிறுவன் என்ற வாய்ப்பாடு அப்போது எல்லாப் பதிப்பகங்களிலும் எடுபட்டது. ஸ்ட்ரவுட் அதை அப்படியே தலைகீழாக்கினார்: மந்திரவாதிகள் அரசியல்வாதிகளாகவும் வில்லன்களாகவும் இருக்கட்டும், அவர்கள் ஏவும் பூதம் நாயகனாக இருக்கட்டும்.

அவருடைய மந்திரவாதிகளிடம் பிறவிச் சக்தி எதுவும் இல்லை. மந்திரக்கோலை நீட்டி ஒளி பாய்ச்ச முடியாது. அவர்கள் செய்வதெல்லாம் வருடக்கணக்கில் பண்டைய மொழிகளை மனப்பாடம் செய்து, மறுலோகத்தில் இருக்கும் ஆவிகளின் பெயர்களைத் தேடிப்பிடித்து, அவற்றை இங்கே இழுத்து வந்து வேலை வாங்குவதுதான். சுவரை எழுப்புவது, எதிரியை உளவு பார்ப்பது, கோட்டைக்குக் காவல் நிற்பது, போரில் சாவது எல்லாமே ஆவிகள். அடிமட்டத்தில் குட்டிச்சாத்தான்கள், அதற்கு மேல் ஃபோலியட், ஜின், இஃப்ரீத், உச்சியில் மாரித் என்று அவற்றுக்குள்ளும் ஏணிப்படிகள் உண்டு. அடிமைகளுக்குள் ஏற்றத்தாழ்வு இருப்பது எஜமானனுக்கு எப்போதுமே வசதி.

மந்திரவாதிகளுக்குப் பிள்ளை பெற்றுக்கொள்ள அனுமதி கிடையாது. சாமானியர்கள் தங்கள் பிள்ளைகளை அரசிடம் விற்கிறார்கள். நத்தானியேல் என்ற நம் சிறுவனும் ஐந்து வயதில் அப்படி வந்தவன்தான். உள்நாட்டு விவகாரத் துறையில் சுமாரான பதவியில் இருக்கும் ஆர்தர் அண்டர்வுட்டிடம் சீடனாக ஒப்படைக்கப்படுகிறான். பிறந்த பெயரை அவன் மறந்தாக வேண்டும். அது தெரிந்த ஆவியால் அவன் தண்டனையை அவன் மீதே திருப்ப முடியும். 12 வயதில் அரசாங்கப் பெயர் ஒன்று கிடைக்கும். அன்பாக நடத்தும் குருபத்தினி மார்த்தா மட்டும், பாவம் பிள்ளையாயிற்றே என்று, அவனை நத்தானியேல் என்றே கூப்பிடுகிறார். வீட்டுக்குள் ஒளிந்திருக்கும் ஜின் அதைக் கேட்டுவிடுகிறது.

அதன் பிறகு நடக்கும் பேரம் கதையின் சுவையான இடங்களில் ஒன்று. தண்டனை இனிப் பலிக்காது என்று தெரிந்ததும் பையன் ஒரு புகையிலை டப்பாவை எடுக்கிறான். ஒரு மாதத்துக்குள் அவன் மந்திரத்தை விலக்காவிட்டால், அல்லது அதற்குள் அவன் செத்துப்போனால், ஜின் காலாகாலத்துக்கும் அந்த டப்பாவுக்குள் அடைபடும். போதாததற்கு, ஜின்களின் உடம்பை அரிக்கும் ரோஸ்மேரி இலையும் உள்ளே. டப்பா தேம்ஸ் நதியின் அடியில். அன்பு, விசுவாசம் எதுவும் இல்லாமல், பையனின் உயிரைக் காப்பது ஜின்னின் சொந்த நலனாகிவிடுகிறது. தொழிலாளியைக் கடனில் கட்டிப்போட்ட பண்ணையார்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் புரியும்.

அடிக்குறிப்பில் ஒளியும் வலி

பார்ட்டிமேயஸுக்கு வாய் நீளம். உருக் சுவரைக் கட்டியது நான், கர்னாக்கைக் கட்டியது நான், சாலமோனோடு பேசியவன் நான் என்று பீற்றிக்கொள்ளாமல் ஒரு பக்கம் நகராது. சொல்லும்போதே பக்கத்தின் அடியில் அடிக்குறிப்பும் போடும். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அதிகம் பார்க்கும் அடிக்குறிப்பை ஸ்ட்ரவுட் நகைச்சுவைக் கருவியாக்குகிறார். மனித மூளை ஒரு நேரத்தில் ஒரு தடத்தில்தான் ஓடும், ஜின்னுக்கோ பல தடங்கள் என்பது அதற்கான சாக்கு. நத்தானியேலின் அத்தியாயங்கள் படர்க்கையில், அடிக்குறிப்பு எதுவும் இல்லாமல், விறைப்பாக நடக்கின்றன. இரண்டு குரல்களையும் மாறி மாறிக் கேட்டுக்கொண்டே போகிறோம்.

கொஞ்சம் கவனித்தால் இன்னொன்று பிடிபடும். வலி வரும் இடங்களில்தான் பார்ட்டிமேயஸ் அடிக்குறிப்புக்குள் ஓடி ஒளிகிறது. இந்த உலகில் உருவம் எடுத்து நிற்பதே அதற்கு வேதனை. வெள்ளியும் இரும்பும் சுடும். நாள் ஆக ஆக உடம்பின் சாரம் தேயும். மூன்றாம் பாகத்தில் கிட்டத்தட்ட இரண்டு வருடம் ஓய்வே தராமல் வேலை வாங்கப்பட்டு, உருவத்தைப் பிடித்து நிறுத்தக்கூடத் தெம்பில்லாமல் அது துவண்டு கிடக்கிறது. அப்போதும் கிண்டல் ஓயவில்லை. அடிமைக்கு மிச்சமிருக்கும் ஒரே சொத்து அந்த நாக்கு.

ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் அது கிண்டல் செய்வதில்லை. எத்தனையோ உருவம் எடுக்கக்கூடிய ஜின், அடிக்கடி ஒரு கறுத்த எகிப்தியச் சிறுவனாக வந்து நிற்கிறது. அவன் பெயர் டாலமி. கி.மு. 2-ஆம் நூற்றாண்டில், அலெக்சாண்ட்ரியாவில் ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்பு வாழ்ந்த அரச குடும்பத்துப் பிள்ளை. ஆவிகளை வரவழைத்து வேலை வாங்காமல், உட்காரவைத்துக் கேள்வி கேட்டவன். சிறு வயதிலேயே கொல்லப்பட்டவன். செத்துப்போன நண்பனின் முகத்தை இத்தனை நூற்றாண்டுகளாக ஒரு ஜின் சுமந்து திரிகிறது என்பதை ஸ்ட்ரவுட் எங்கும் அழுத்திச் சொல்வதில்லை. மூன்றாம் பாகம் வரை பொறுத்திருந்து, நாமே கண்டுபிடிக்க விடுகிறார்.

பிக்காடில்லி தெருவில் ஷோல்டோ பின் என்பவர் மந்திரப் பொருள்கள் விற்கும் ஆடம்பரக் கடை நடத்துகிறார். அங்கே சிம்ப்கின் என்ற ஃபோலியட்தான் கடைப்பையன். முதலாளி எவ்வளவு நல்லவர், எனக்கு எவ்வளவு பொறுப்பு கொடுத்திருக்கிறார் என்று அதற்கு ஏகப் பெருமை. துப்புத் தேடி மாறுவேடத்தில் வந்த பார்ட்டிமேயஸுக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எஜமானனை வெறுக்கும் அடிமை, அவனுக்கு விசிறி வீசும் அடிமை, கலகத்துக்கு நாள் குறித்துக் காத்திருக்கும் அடிமை என்று எல்லா வகையையும் இந்த நாவல்களில் சந்திக்கலாம். மூன்றாவது வகை ஃபக்வார்ல் என்ற ஜின். பார்ட்டிமேயஸின் பழைய பகையாளி. சமையற்காரன் வேடம் அதற்கு ரொம்பப் பிடிக்கும், கையில் கத்தி இருக்குமே!

ஜாடியைத் திறந்தவர்கள்

லண்டனுக்குப் பூதம் வருவது இது முதல் முறை அல்ல. 1900-லேயே எஃப். ஆன்ஸ்டே ‘தி பிராஸ் பாட்டில்’ நாவலை எழுதிவிட்டார். ஹோரஸ் வென்டிமோர் என்ற வேலையில்லாக் கட்டடக்கலைஞர் ஏலத்தில் வாங்கிய பித்தளை ஜாடியிலிருந்து பூதம் கிளம்பி, நன்றிக்கடன் என்ற பெயரில் அவரைப் பாடாய்ப்படுத்தும். 1964-ல் ஹாலிவுட் அதைப் படமாக்கியது. அந்தப் படம்தான் 1967-ல் எம்.வி.ராமன் இயக்கத்தில் ‘பட்டணத்தில் பூதம்’ ஆனது. ஜெய்சங்கரைச் சுற்றிச்சுற்றி வந்த ஜாவர் சீதாராமனின் ஜீபூம்பாவுக்குப் பூர்வீகம் விக்டோரியா காலத்து லண்டன். ஆன்ஸ்டேயின் பூதமும் சரி, ஜீபூம்பாவும் சரி, ஜாடியைத் திறந்தவனுக்கு ஊழியம் செய்வதைப் பாக்கியமாக நினைக்கும் ரகம். விடுதலை பெற்றவர் ஏன் மறுபடி அடிமையாக வேண்டும் என்று திரையரங்கில் யாரும் கேட்கவில்லை. சிரித்துவிட்டு வந்துவிட்டோம்.

ஹாரி பாட்டரிலும் இந்த நெருடல் உண்டு. ஹாக்வார்ட்ஸ் விருந்து மேசையில் தானாக வந்து நிறையும் பதார்த்தங்களைக் கீழே சமையலறையில் சமைப்பது சம்பளமில்லா வீட்டுக் குட்டிப் பூதங்கள். நாலாம் பாகத்தில் ஹெர்மயனி அவற்றுக்காகச் சங்கம் தொடங்குவாள், நண்பர்கள் கேலி செய்வார்கள், கதை வேறு பக்கம் போய்விடும். பாட்டரில் கிளைக்கதையாக நின்றதை ஸ்ட்ரவுட் மொத்தக் கட்டடத்துக்கும் அஸ்திவாரமாகப் போட்டார்.

அந்த அஸ்திவாரத்துக்கு அவர் எடுத்த கற்கள் பெரும்பாலும் நிஜச் சரக்கு. சாலமோன் ராஜா மோதிரத்தால் ஜின்களை அடக்கி வேலை வாங்கினார் என்ற கதை யூத, கிறிஸ்தவ, இஸ்லாமிய மரபுகள் மூன்றிலும் புழங்குவது. 17-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘சாலமோனின் சிறு திறவுகோல்’ என்ற ஏடு 72 ஆவிகளின் பட்டியலையும் அவற்றை வரவழைக்கும் வட்டங்களையும் தருகிறது. முதலாம் எலிசபெத் ராணிக்கு ஆலோசகராக இருந்த ஜான் டீ, உதவியாளரைக் கண்ணாடிக்குள் பார்க்கச் சொல்லித் தேவதைகளோடு பேச முயன்றவர். 1580-களில் பிராக் நகருக்கே போய்ப் பேரரசர் இரண்டாம் ருடால்ஃபைச் சந்தித்தார். அவருடையதாகச் சொல்லப்படும் கறுப்பு எரிமலைக் கண்ணாடி இன்றும் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நத்தானியேலிடமும் தொலைவில் நடப்பதைக் காட்டும் உலோகத் தட்டு ஒன்று உண்டு. ஆனால், அதற்குள் ஒரு குட்டிச்சாத்தான் சிறைபட்டிருக்கிறது. தட்டு காட்டவில்லை, அடிமை ஓடிப் பார்த்துவந்து சொல்கிறது. பிராக்கின் யூதக் குருவோடு சேர்த்துச் சொல்லப்படும் களிமண் மனிதன் கோலம் இரண்டாம் பாகத்தில் லண்டன் தெருக்களில் நடக்கிறது.

கிளாட்ஸ்டனின் இரண்டு சரித்திரங்கள்

இந்தக் கற்பனைப் பேரரசை நிறுவியவராக ஸ்ட்ரவுட் காட்டுவது வில்லியம் கிளாட்ஸ்டனை. நாவலில் அவர் மந்திரவாதிகளிலேயே மகா மந்திரவாதி. 1868-ல் பிரிட்டிஷ் படை பிராக்கை வீழ்த்த, பிரிட்டன் உலக வல்லரசாகிறது. அவருடைய கைத்தடிக்குள் அடைத்த ஆவிகளின் சக்தி ஒரு நகரத்தையே சாம்பலாக்கும். அவர் உடல் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் கிடக்கிறது. கல்லறையைக் காவல் காக்க ஓர் இஃப்ரீத்தை அவர் எலும்புக்கூட்டுக்குள்ளேயே அடைத்துவைத்திருக்கிறார்கள். எஜமானன் செத்த பிறகும் அடிமைக்கு விடுப்பு கிடையாது.

நிஜ கிளாட்ஸ்டன் முதன்முதலாகப் பிரதமரானதும் அதே 1868-ல்தான். நான்கு முறை பிரதமராக இருந்த லிபரல் தலைவர். 1898-ல் அவரைப் புதைத்ததும் வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில்தான். ஸ்ட்ரவுட் அந்தப் பெயரை எதை நினைத்துத் தேர்ந்தாரோ, சரித்திரம் அதற்குக் கீழே ஓர் அடிக்குறிப்பை ஏற்கெனவே எழுதிவைத்திருக்கிறது.

கிளாட்ஸ்டனின் அப்பா ஜான், லிவர்பூல் வியாபாரி. கரீபியனில் ஜமைக்காவிலும் தென் அமெரிக்காவின் டெமராராவிலும் அடிமைகளை வைத்து விவசாயம் நடத்தியவர். டெமராரா இன்றைய கயானா. 1823-ல் அங்கே வெடித்த அடிமைகளின் கலகம் ஜான் கிளாட்ஸ்டனின் ‘சக்சஸ்’ தோட்டத்தில்தான் தொடங்கியது. முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஜாக் கிளாட்ஸ்டன். எஜமானனின் குடும்பப் பெயரைச் சுமந்த அடிமை. 1833-ல் பிரிட்டன் அடிமை முறையை ஒழிக்கச் சட்டம் போட்டபோது நஷ்டஈடாக 2 கோடி பவுண்டு ஒதுக்கியது, அடிமைகளுக்கு அல்ல, அடிமைகளை வைத்திருந்தவர்களுக்கு. 2,500-க்கும் மேற்பட்டவர்களை உடைமையாக வைத்திருந்த ஜானுக்கு ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் கிடைத்தது. அந்த ஆண்டு நாடாளுமன்றத்தில் தோட்ட முதலாளிகளுக்காக வாதாடிய இளம் உறுப்பினர் அவர் மகன் வில்லியம்.

கதை அங்கே முடியவில்லை. அடிமைகள் போனால் கரும்பு வெட்ட ஆள் வேண்டுமே? ஜான் கிளாட்ஸ்டன் கல்கத்தா ஏஜென்டுகளுக்குக் கடிதம் போட்டார். 1838-ல் ‘விட்பி’, ‘ஹெஸ்பரஸ்’ என்ற இரண்டு கப்பல்களில் சுமார் 400 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக டெமராராவுக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பலர் சோட்டாநாக்பூர் மலைப்பகுதி மக்கள். தோட்டங்களில் நடந்த கொடுமைகள் வெளியே தெரிந்து கப்பல் போக்குவரத்து சில காலம் நிறுத்தப்பட்டது. 1845-ல் மறுபடி தொடங்கியபோது சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. கயானாவில் இன்றும் காளியம்மனுக்குப் பூஜை செய்யும் ‘மதராஸி’ மரபு அந்தக் கப்பல்களில் ஏறியவர்களோடு போனதுதான். 2023 ஆகஸ்டில் கிளாட்ஸ்டன் வம்சாவளியினர் சிலர் கயானாவுக்கே போய், தங்கள் முன்னோர் செய்ததற்கு மன்னிப்புக் கேட்டார்கள்.

கைநாட்டு வைத்த ஒப்பந்தமும் சுண்ணாம்பு வட்டமும் செய்யும் வேலை ஒன்றே. கப்பல் ஏறியவர் நினைத்தபோது திரும்ப முடியாது, கெடு முடியாமல் வேலையை விட முடியாது, விட்டால் சட்டப்படி சிறை. பிரிட்டனின் மகத்துவம் மந்திரவாதிகளின் மூளையில் இருக்கிறது என்று நாவலின் பள்ளிக்கூடங்கள் சொல்லித்தருகின்றன. நிஜப் பள்ளிக்கூடங்களும் வெகுகாலம் அதைத்தானே சொல்லின!

ஒரு நல்ல பையன் மந்திரியாகிறான்

நத்தானியேல் கெட்டவனாகப் பிறக்கவில்லை. பெரிய மனிதர்கள் கூடியிருந்த சபையில் லவ்லேஸ் அவனை அவமானப்படுத்தியபோது, குரு அண்டர்வுட் வாயைத் திறக்கவில்லை. குறுக்கே வந்து தடுக்கப் பார்த்தவர் ஓவிய ஆசிரியை மிஸ் லட்யன்ஸ் மட்டும். உடனே அவர் வேலை போனது. அந்த அநியாயத்துக்குப் பழிவாங்கத்தான் பையன் ஜின்னையே அழைத்தான். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது, அதனால் நாமும் அவன் பக்கம் சாய்கிறோம். அந்தப் பழிவாங்கலுக்கு விலையாகப் போவது அவனை நேசித்த மார்த்தாவின் உயிர். அப்போதும் அவனுக்காக அழுகிறோம்.

முதல் பாகத்தின் முடிவில், இனி உன்னை அழைக்க மாட்டேன் என்று பார்ட்டிமேயஸுக்கு வாக்குக் கொடுத்து விடைகொடுக்கிறான். இரண்டாம் பாகத்தில் 14 வயதில், ஜான் மாண்ட்ரேக் என்ற அரசாங்கப் பெயரோடு, அதிகாரியாக வருகிறான். நெருக்கடி முற்றுகிறது, வாக்கு காற்றில் போகிறது. நாட்டுக்காக, இந்த ஒருமுறை மட்டும் என்று காரணம் தயாராக இருக்கிறது. மூன்றாம் பாகத்தில் 17 வயதில் தகவல் துறை மந்திரி. அமெரிக்கக் காலனிகளில் தோற்றுக்கொண்டிருக்கும் போரை வெற்றி என்று மக்களுக்குச் சொல்லித் துண்டுப் பிரசுரம் அச்சடிப்பது அவன் வேலை. சட்டைக் கைமடிப்பு, தலைமுடி, பேச்சு எல்லாம் ஜோராக இருக்கின்றன. அந்த ஐந்து வயதுக் குழந்தையைத்தான் எங்கேயும் காணவில்லை. கொடுங்கோலனாக மாறுவதற்கு ஒரு பெரிய பாவம் தேவையில்லை, சின்னச் சின்னச் சாக்குகளே போதும் என்பதை ஓர் இளைஞனின் வளர்ச்சியாகவே எழுதிக்காட்டுவது லேசான வேலை இல்லை.

இன்னொரு பக்கம் கிட்டி ஜோன்ஸ். சாமானியக் குடும்பத்துப் பெண். நண்பன் யாக்கோபோடு கிரிக்கெட் விளையாடும்போது பந்து ஒரு மந்திரவாதியின் கார் கண்ணாடியை உடைக்கிறது. பதிலுக்கு அவர் ஏவிய மந்திரம் யாக்கோபின் முகத்தைத் தீய்த்துவிடுகிறது. கிட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. மந்திரம் அவள்மீது பலிக்காது, சாமானியர்களில் சிலருக்கு அந்தத் தாங்குசக்தி பிறவியிலேயே உண்டு. பெரியவர்கள் எல்லோரும் வேண்டாம் என்று தடுத்தும் கிட்டி கோர்ட்டுக்குப் போகிறாள். நீதி கேட்டுப் போனவளுக்கே அபராதம் விதிக்கிறார்கள். அந்தப் படிக்கட்டில் இறங்கியவள்தான் தலைமறைவுக் குழுவில் சேர்கிறாள்.

எகிப்து, ரோம், பிராக் என்று ஒவ்வொரு மந்திரவாதிப் பேரரசும் இப்படித்தான் சரிந்தது என்பது பார்ட்டிமேயஸின் அனுபவம். ஆள்பவர்கள் மந்திரத்தை வாரி இறைக்க இறைக்க, தலைமுறை தலைமுறையாக மக்களுக்கு அது உறைக்காமல் போகிறது. சாமானியர்கள் எழுந்து ஒரு கூட்டத்தை விரட்டுகிறார்கள். இன்னொரு நாட்டில் இன்னொரு கூட்டம் சுண்ணாம்புக் கட்டியை எடுக்கிறது. ஆவிகளுக்கு எஜமானனின் மொழிதான் மாறுகிறது. அடிமைக்கும் சாமானியருக்கும் எதிரி ஒருவனே. ஆனாலும் ஒருவரை ஒருவர் பார்த்தால் பயம். ஆவியைக் கண்டால் சாமானியர் ஓடுகிறார்கள், சாமானியரை ஆவி எள்ளி நகையாடுகிறது. மந்திரவாதிகளின் ஆட்சிக்கு உண்மையான காவல் அந்தப் பயம்தான்.

பெட்டிச் செய்தி: எந்த வரிசையில் படிப்பது?

முதல் மூன்றும் ஒரே தொடர்கதை: ‘தி அம்யூலெட் ஆஃப் சமர்கண்ட்’ (2003), ‘தி கோலம்ஸ் ஐ’ (2004), ‘டாலமிஸ் கேட்’ (2005). இந்த முத்தொகுதிக்கு 2006-ல் சிறார் பிரிவில் மித்தோபீயிக் விருது கிடைத்தது. 2010-ல் வந்த ‘தி ரிங் ஆஃப் சாலமன்’ முன்கதை. ஜெருசலேமில் சாலமோன் ராஜாவிடம் பார்ட்டிமேயஸ் மாட்டிக்கொண்ட காலம். தனியாகவும் படிக்கலாம் என்றாலும் கடைசியில் படித்தால் ருசி அதிகம். ஸ்ட்ரவுட்டின் இன்னொரு தொடரான ‘லாக்வுட் அண்ட் கோ’ 2023-ல் நெட்ஃப்ளிக்ஸில் வந்து ஒரே சீசனோடு நின்றது. எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதுக்கு உரியவை அல்ல இவை, 12 வயதுக்கு மேல் சரியாக இருக்கும். சாவு வரும், துரோகம் வரும், சமாதானப்படுத்தும் முடிவு வராது.

முதல் அடி யாருடையது?

பாட்டர் அளவுக்கு இந்த நாவல்கள் ஏன் பரவவில்லை? ஹாக்வார்ட்ஸிலிருந்து கடிதம் வராதா என்று ஏங்காத பிள்ளை இல்லை. பார்ட்டிமேயஸின் லண்டனில் குடியேற யாரும் ஆசைப்பட மாட்டார்கள். அங்கே மந்திரவாதியாக இருப்பது வெட்கம், ஆவியாக இருப்பது வேதனை, சாமானியராக இருப்பது பயம். கனவை விற்கும் சந்தையில் மனசாட்சியைக் குத்தும் சரக்கு கொஞ்சம் மெதுவாகத்தான் போகும்.

ஆனாலும் ஸ்ட்ரவுட் கையை விரித்துவிடவில்லை. ஃபக்வார்ல் கேட்கும் ரத்தக் கலகம் ஒரு வழி. அதில் அடிமை எஜமானன் ஆவான், அவ்வளவுதான். டாலமி கண்டுபிடித்தது இன்னொரு வழி. காலம் காலமாக மந்திரவாதிகள் மறுலோகத்திலிருந்து ஆவிகளை இங்கே இழுத்தார்கள். இங்கிருந்து ஒருவர் அங்கே போக முடியாதா என்று யோசித்தவன் அவன் ஒருவன்தான். அங்கே உருவம் இல்லை, எல்லை இல்லை, நான் நீ என்ற பிரிவு இல்லை. போகும் மனிதருக்கு ஆயுதமும் இல்லை, வட்டமும் இல்லை. உடம்பு நொந்து திரும்பும், திரும்பாமலும் போகலாம். டாலமிக்குப் பிறகு அந்த வாசலைத் தாண்டத் துணிவது எந்த மந்திரியும் அல்ல, கிட்டி.

அவள் படித்துப் படித்துத் தெரிந்துகொண்டது இதுதான்: உன்னை விடுவிக்கிறேன், நம்பு என்று வட்டத்துக்குள் நின்றுகொண்டே சொல்வதில் அர்த்தமில்லை. 5,000 வருடம் ஏமாந்தவனிடம் நம்பிக்கை கேட்க யாருக்கும் உரிமை கிடையாது. நம்பிக்கையின் முதல் தவணையைக் கட்ட வேண்டியது ஏவல் விட்ட தரப்பு, தன் உடம்பைப் பணயம் வைத்து. அதற்கு என்ன பலன் கிடைத்தது, நத்தானியேல் கடைசியில் எந்தப் பக்கம் நின்றான் என்பதை மூன்றாம் பாகத்தின் கடைசி நூறு பக்கங்களில் படித்துக்கொள்ளுங்கள். ஜாடியைத் திறந்தவனுக்குப் பூதம் ஏன் கைகட்டி நிற்க வேண்டும் என்ற கேள்வியை அதற்கு முன்பே உங்கள் வீட்டுப் பிள்ளை கேட்டுவிடும். சரித்திரப் பாடத்தில் இருக்கும் ‘கட்டினார்’, ‘வென்றார்’, ‘நிறுவினார்’ எல்லாவற்றின் மீதும் அதே கேள்வியைப் போடத் தொடங்கினால், ஸ்ட்ரவுட் தன் வேலையைச் செய்துவிட்டார் என்று அர்த்தம்.